ஜூலியானா கேட்ட திருநாள்

நற்கருணைக்கென்று தனியாக ஒரு பெருவிழா வேண்டும் என்று முதலில் கேட்டவர் ஆயரும் அல்லர், இறையியலாரும் அல்லர். தொழுநோயாளர் இல்லத்தை ஒட்டிய மடத்தில் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரி. இன்றைய பெல்ஜியத்தில், லியேஜ் நகருக்கு வெளியே கோர்னியோன் மலையில் இருந்த அந்த மடத்துக்கு ஜூலியானா வந்தபோது அவருக்கு வயது ஐந்து. பெற்றோர் இருவரும் இறந்திருந்தார்கள்.

பதினாறு வயதில் செபத்தில் ஒரு முழு நிலாவைக் கண்டார். அதன் குறுக்கே ஒரு கருங்கோடு. நிலா திருச்சபை, கோடு அதன் வழிபாட்டு ஆண்டில் குறைந்துபோன ஒரு திருநாள் என்று பின்னர் புரிந்துகொண்டார். நற்கருணைக்குப் பெரிய வியாழன் இருக்கிறதே என்று கேட்கலாம். அன்று மனம் பாடுகளின் துயரத்தில் ஆழ்ந்துவிடுகிறது. நன்றி சொல்லி மகிழ வேறொரு நாள் தேவைப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இதை அவர் தமக்குள்ளேயே வைத்திருந்தார்.

அதற்குள் திருச்சபையும் ஒரு பழைய வாதத்துக்கு விடை சொல்லியிருந்தது. பதினோராம் நூற்றாண்டில் தூர் நகரத்துப் பெரெங்கார், நற்கருணை அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறுவதை மறுத்தார். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அந்த மாற்றத்தை விசுவாச அறிக்கையிலேயே சேர்த்தது.

நற்கருணையில் கிறிஸ்து உடலாக இருக்கிறாரா, ஆவியாக இருக்கிறாரா என்று இன்றும் கேட்கிறார்கள். கத்தோலிக்க விசுவாசம் ஒன்றைப் பிடித்து மற்றதை விடுவதில்லை. நிறமும் சுவையும் எடையும் அப்படியே நிற்க, உட்பொருள் மாறுகிறது. உயிர்த்த கிறிஸ்து உடல், இரத்தம், ஆன்மா, இறைத்தன்மை அனைத்தோடும் அங்கே இருக்கிறார். ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு அல்ல. அப்பத்தைப் பிட்டால் அவர் பிளவுபடுவதில்லை. சிறு துணுக்கிலும் முழுமையாக இருக்கிறார். இறையியலார் தோமா அக்குவினாஸ் இதைத்தான் பொறுமையாக விளக்கினார். இந்தப் பிரசன்னம் நம் உணர்ச்சியை நம்பி நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். மனம் வறண்டு பீடத்தை நெருங்குகிறவரிடமும் அவரே வருகிறார்.

ஜூலியானா கடைசியில் வாய் திறந்தார். லியேஜ் ஆயர் ராபர்ட் 1246இல் தம் மறைமாவட்டத்தில் விழாவை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் இறந்தும் போனார். எதிர்த்தவர்கள் ஜூலியானாவை மடத்தைவிட்டு வெளியேறச் செய்தார்கள். ஊர் ஊராக அலைந்து 1258இல் அவர் இறந்தார்.

ஜூலியானா யோசனை கேட்டவர்களில் ஒருவர், லியேஜில் தலைமைத் திருத்தொண்டராக இருந்த ஜாக் பாந்தலேயோன். 1261இல் நான்காம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தையானவர் அவர்தான். பொல்சேனாவில் அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்த அற்புதமே அவரைத் தூண்டியது என்று மரபு சொல்கிறது. ஆனால் விதை விழுந்தது லியேஜில் என்றே நான் நினைக்கிறேன். 1264 ஆகஸ்ட் 11 அன்று ஓர்வியேத்தோவிலிருந்து உர்பான் விழாவைத் திருச்சபை முழுமைக்குமாக அறிவித்தார். அடுத்த மாதமே, ஜூலியானாவின் தோழியும் தனிமைத் துறவியுமான ஏவாவுக்கு அந்தச் செய்தியைக் கடிதமாக எழுதினார். அக்டோபரில் மறைந்தார்.

ஆணை பல இடங்களில் செயலுக்கு வராமல் கிடந்தது. திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்ட் அதைப் புதுப்பிக்க, 1317இல் இருபத்திரண்டாம் யோவான் வெளியிட்ட சட்டத்தொகுப்பு எங்கும் கொண்டுசென்றது. உர்பானின் ஆணையில் பவனியைப் பற்றிப் பேச்சே இல்லை. நற்கருணையை வீதிக்கு எடுத்துவரும் வழக்கம் பின்னால் வேரூன்றியது. விழாவுக்காக அக்குவினாஸ் இயற்றியதாகக் கருதப்படும் ஒரு பாடலின் கடைசி இரண்டு சரணங்களைத்தான் நம் ஆலயங்களிலும் நற்கருணை ஆசீருக்கு முன் தமிழில் பாடுகிறோம்.