திண்டுக்கல் பூட்டும் பக்கிங்காம் கால்வாயும்

பூட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு செய்கிற பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் தண்ணீருக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், லாக். குடகனாற்றில் வெள்ளம் வந்தால் ஊரே பார்க்கப் போகிற நம் சமவெளியில் அதற்கு வேலை இல்லை. நமக்குப் படகு என்றால் கொடைக்கானல் ஏரிதான்!

கம்பெனி வேலையாக இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆறு மாதம் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் சொந்தமாக ஒரு கால்வாய்ப் படகு வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வூஸ்டர்–பர்மிங்காம் கால்வாயில் கூட்டிப் போனார். படகு ஏழடி அகலம்கூட இருக்காது. நீளமோ நம் டவுன் பஸ்ஸை விட அதிகம். பின்னால் நின்று சுக்கானைப் பிடிக்க வேண்டும். மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். கரையில் நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துக் கையும் ஆட்டினார். பகல் முழுக்கப் போனாலும் பத்து மைல் தாண்டவில்லை. டீ குடித்தோம், வாத்துகளுக்கு ரொட்டி போட்டோம், அவ்வளவுதான்.

அந்தக் கால்வாயில் டார்டபிக் என்ற இடத்தில் அடுத்தடுத்து 30 லாக்குகள் இருக்கின்றன. 1815-ல் திறந்த கால்வாய். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, நடுவில் படகு நிற்கிற தொட்டி. இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் மதகு திறக்கும். தண்ணீர் மட்டம் ஏற ஏறப் படகும் ஏறும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை கதவு அசையாது. முதல் செமஸ்டரில் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எனக்கு அங்கேதான் உண்மையில் புரிந்தது.

கணக்கு எளிது. ரோட்டில் ஒரு குதிரை ஒன்றிரண்டு டன் இழுக்கும். அதே குதிரை கால்வாயில் 25 டன் இழுக்கும். 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக நிலக்கரி வந்ததும் மான்செஸ்டரில் அதன் விலை பாதியாயிற்று. பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது. 1962–63 குளிரில் கால்வாய்கள் உறைந்து வாரக்கணக்கில் படகுகள் நின்றதோடு சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய முடிந்தது. தூர்த்துவிடலாம் என்று பேசியவர்கள் அங்கேயும் உண்டு. அதைத் தடுத்தவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர், எல்.டி.சி. ரோல்ட். 1939-ல் மனைவியோடு ஒரு பழைய படகில் குடியேறிக் கிளம்பினார். 1944-ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக்கினார். 1946-ல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமே உருவானது. என் நண்பர் ஞாயிற்றுக்கிழமை படகு ஓட்டுவது இவர்களால்தான்.

அன்று சுக்கானைப் பிடித்திருந்தபோது அவர் கேட்டார், "உங்கள் ஊரில் கால்வாய் இருக்கிறதா?" இருக்கிறது. 420 கிலோமீட்டர்.

ஆந்திராவில் பெத்த கஞ்சத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை, கடலை ஒட்டியே ஓடுகிற உப்புநீர்க் கால்வாய். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார். 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உப்பு, விறகு, நெல் எல்லாம் இதில் வந்தன. பேசின் பிரிட்ஜ், சால்ட் கோட்டர்ஸ் என்று ரயிலில் போகும்போது காதில் விழும் பெயர்கள் எல்லாம் கால்வாய் காலத்துப் பெயர்கள். இங்கும் லாக்குகள் இருந்தன. குதிரைக்குப் பதில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையில் நடந்து இழுத்தார்கள். 1934-ல் பாரதிதாசன், ஜீவா, குத்தூசி குருசாமி முதலிய நண்பர்களோடு இதில் தோணியேறி மாமல்லபுரம் போனார். அதைப் பாட்டாகவும் எழுதினார்.

ஆனால் சென்னை நகருக்குள், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்த 8 கிலோமீட்டர் வியாபாரத்துக்காக மட்டும் வெட்டியதல்ல. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியது. நம் ஊருக்கு 1875-ல்தான் திருச்சி–மதுரை ரயில் வந்திருந்தது. அடுத்த வருஷமே பஞ்சம். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு! சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உயிர் வாழப் போதாது என்று விடாமல் எதிர்த்து எழுதினார். அதே மார்ச்சில் மாகாண அரசு 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்புமாக உயர்த்தியது. அவர் கேட்டது அதைவிட அதிகம். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள்.

வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. 1878-ல் கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் ரயில்காரர். 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவர். இங்கிலாந்தில் கால்வாய்களின் பிழைப்பில் மண்ணைப் போட்ட கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

1965, 66 புயல்களில் கால்வாய் பலமாகச் சேதமடைந்தது. சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை. சாக்கடை கலந்தது. பிறகு பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது, வீடுகளை இடிக்க வேண்டாத நீளமான காலி இடம் கால்வாய்தான் என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சினியராகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். நானும் அந்த ரயிலில் போயிருக்கிறேன். 1997-ல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது, தண்ணீருக்குள் தூண்கள் நின்றன. 2008-ல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தபோது, அந்தத் தூண்களின் வழியே படகு எப்படிப் போகும் என்பதை யோசித்தார்களோ என்னவோ.

சென்னையில் வேலை தேடிப் போகும் தம்பி தங்கைகள் ஒரு நாள் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கிக் கீழே எட்டிப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பாருங்கள். கறுப்பாகக் கிடக்கிறதே, அதுதான் அந்த 8 கிலோமீட்டர்.