ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மட்' கேட்குதா? அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க!

பட்டாசுக்கு மட்டுமல்ல, காலண்டர், டைரி, லேபிள் அச்சடிப்புக்கும் பேர் போன ஊர் சிவகாசி. டிசைனர் மேக் கம்ப்யூட்டரில் முடித்த காலண்டரை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருகிறார். அச்சகத்தில் இருப்பதோ விண்டோஸ் என்று வைத்துக்கொள்வோம். செருகியதும் 'ஃபார்மட் செய்யவா?' என்று திரையில் கேட்கலாம். ஓகே கொடுத்தால் மொத்த வேலையும் காலி! 'கேன்சல்' கொடுங்க. டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி?

ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைதான் 'ஃபைல் சிஸ்டம்'. அது ஒவ்வொன்றுக்கும் வேறு.

• ஏபிஎஃப்எஸ்: மேக்குக்கானது. விண்டோஸ் நேரடியாகப் படிக்காது.
• என்டிஎஃப்எஸ்: விண்டோஸுக்கானது. மேக்கில் திறந்து பார்க்கலாம், ஆனால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது.
• ஃபேட்32: எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் 4 ஜிபி-க்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது.
• எக்ஸ்ஃபேட்: 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பெரிய ஃபைலும் ஏறும்; விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். லினக்ஸ் கெர்னலிலும் 2019 முதல் உண்டு.

என்ன செய்யணும்?

டிஸ்க் காலியாக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிடுங்க. ஏற்கெனவே ஃபைல் இருந்தால், முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகே ஃபார்மட். வேலை முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்க. சட்டென்று பிடுங்கினால் ஃபைல் பழுதாகலாம்.