நிலவறைப் பள்ளிகள்

1746ஆம் ஆண்டில் இத்தாலியின் ஜெனோவா நகரில் ஆஸ்திரியப் படைவீரர்மீது ஒரு சிறுவன் கல்லெறிந்தான். ஊரே கிளர்ந்தெழுந்தது என்பர். 'பலில்லா' என்பது அவனுக்கு வழங்கிய செல்லப்பெயர். அயலார் படைக்கு அடங்காத அச்சிறுவனின் பெயரை, 1926இல் முசோலினியின் அரசு தான் நிறுவிய சிறுவர் அமைப்புக்குச் சூட்டியது. அடங்கி நடக்கப் பழக்குவதே அவ்வமைப்பின் பணி என்பதுதான் விந்தை.

எட்டு வயது முதல் பதினான்கு வரை பலில்லா. பின்னர்ப் பதினெட்டு வரை 'முன்னணியினர்'. சிறுமியர்க்குத் தனிப் பிரிவுகள். கருஞ்சட்டையும் அணிவகுப்பும் சிறுவர் கைக்கேற்ற துப்பாக்கியும் அங்கு இருந்தன. விளையாட்டும் கோடை முகாமும் இருந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. பிள்ளைகள் அச்சத்தால் மட்டுமே சேர்ந்தனர் என எழுதின் அது வரலாறாகாது. போட்டியாக இருந்த கத்தோலிக்கச் சாரணர் இயக்கமோ 1928இல் கலைக்கப்பட்டது.

தொடக்கப்பள்ளிகளுக்கு அரசே அச்சிட்ட ஒரே பாடநூல் என 1929இல் சட்டம் வந்தது. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசம் கூறி உறுதிமொழி எடுக்கப் பணிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தோர் பன்னிருவர் அளவினரே!

கற்றறிந்தோர் பணிந்த அக்காலத்தில், வடக்கே ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உழவர் வீடுகள் பணியவில்லை. தென் டிரோல் என்னும் அப்பகுதி முதல் உலகப்போருக்குப்பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்தது. மக்கள் மொழி ஜெர்மன். 1923ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் வகுப்பு வகுப்பாக அம்மொழியை நீக்கியது. வீட்டில் தனியே கற்பிப்பதும் பின்னர்க் குற்றமாயிற்று. டிரோல் என்ற பெயருக்கே தடை. கல்லறைக் கல்லில்கூடப் புதிதாக ஜெர்மன் எழுத்துப் பொறித்தல் ஆகாது.

மிக்கேல் காம்பர் என்னும் பாதிரியார் வீடுகளையே பள்ளியாக்குமாறு பெற்றோரைத் தூண்டினார். பண்டை ரோமில் கிறித்தவர் கூடிய நிலவறைகளின் பெயரே இப்பள்ளிகளுக்கு வழங்கலாயிற்று. கற்பித்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். பகலில் இத்தாலியப் பள்ளியில் இருந்த பிள்ளைகள், புத்தகத்தை ஆடைக்குள் மறைத்து, இருவர் மூவராக அடுக்களைக்கும் பரணுக்கும் வந்து எழுத்துக் கற்றனர். ஆஞ்செலா நிக்கொலெட்டி என்ற ஆசிரியை சிறை சென்றார், ஊரைவிட்டு விலக்கப்பட்டார், 1930இல், இருபத்தைந்து வயதளவில், காசநோயால் இறந்தார். வழக்கறிஞர் யோசெஃப் நோல்டின் லிப்பாரித் தீவுக்குக் கடத்தப்பட்டு, திரும்பியபின் 1929இல் மறைந்தார்.

கதை இங்கு முடிந்திருப்பின் இனிதாக இருந்திருக்கும். 1939இல் ஹிட்லரும் முசோலினியும் உடன்பாடு செய்துகொண்டு, ஜெர்மனிக்குக் குடிபெயர்தல் அல்லது இத்தாலியராதல் என்ற தெரிவை அம்மக்கள்முன் வைத்தனர். பெரும்பான்மையோர் பெயர்தலையே தேர்ந்தனர். ஏறத்தாழ 75,000 பேர் உண்மையிலேயே வெளியேறினர். உற்றார் உற்றாரோடு பகைத்தனர். மண்ணைவிட்டு அகலலாகாது என்று வாதிட்ட காம்பர் தம் மக்களாலேயே துரோகி எனத் தூற்றப்பட்டார். 1943இல் ஜெர்மன் படை அங்குப் புகுந்தபோது, ஜெர்மன் மொழிக்காகப் பள்ளி கண்ட அப்பெரியார் ஜெர்மானியர் கையில் சிக்காதிருக்க, தெற்கே இத்தாலியர் நகரான பிளாரன்ஸுக்குத் தப்பிச் சென்றார்.