பைப் எடையும் பாலைவனத் தண்ணியும்

படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கறது பொட்டி தட்டி. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு படிச்ச படிப்பு என்னிக்காவது ஒரு நாள் திரும்பி வந்து பழி வாங்கும். எனக்கு அது ஒரு பைப் ரூபத்தில் வந்தது.

கட்டுமான கம்பெனி ஒண்ணுக்கு எஸ்டிமேஷன் மென்பொருள். பைப்போட அளவைக் கொடுத்தா எடையைச் சொல்லணும், அவ்வளவுதான். வெளி விட்டத்தையும் கனத்தையும் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கி, மீட்டருக்கு இத்தனை கிலோன்னு போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா கிளையன்ட் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் லைனில்.

"தம்பி, 6 இஞ்ச் ஷெட்யூல் 80 பைப் உங்க பொட்டியில 45 கிலோவுக்கு மேல காட்டுது. முப்பது வருஷமா எங்க ஊர்ல அது 42.56 தான். விட்டத்துல கனத்தைக் கழிச்சீங்களா?"

கழிக்கலை. 168.3 மிமீ விட்டம், 10.97 மிமீ கனம். கழிச்சுப் போட்டா அவர் சொன்ன 42.56 அச்சு அசலா வருது. என் தப்பு 7 சதவீதம். 100 டன் பைப் வாங்குற இடத்தில் 7 டன் காத்து! அந்தக் காசை யார் தலையில் கட்டுறது?

ஏன் கழிக்கணும்னு கேட்டா பதில் ரொம்ப சுலபம். பைப்பை நீளவாக்கில் வெட்டி, பாய் மாதிரி விரிச்சுப் போடுங்க. ஒரு தகடு கிடைக்கும். அந்தத் தகட்டோட அகலம் வெளிச் சுற்றளவும் இல்லை, உள் சுற்றளவும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் இருக்கறது. அந்த நடு விட்டம்தான் வெளி விட்டம் கழித்தல் கனம். 0.02466 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, பை மதிப்பு 3.1416 பெருக்கல் இரும்போட அடர்த்தி 7.85, வகுத்தல் 1000. மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்லை.

இந்தப் 'பாயை விரிக்கற' கணக்கை நெஜமாவே செஞ்சு ஒரு ஊருக்கே தண்ணி கொடுத்த கதை ஒண்ணு இருக்கு. பதிவு அதைப் பத்திதான். இப்ப கொசுவத்தியை 130 வருஷத்துக்கு முன்னாடி சுத்திக்கோங்க.

மேற்கு ஆஸ்திரேலியா. 1892-ல் கூல்கார்டியில் தங்கம், 1893-ல் கல்கூர்லியில் தங்கம். ஜனம் அலை அலையா ஓடுது. பூமிக்கு அடியில் தங்கம் இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை. உப்புத் தண்ணியைக் காய்ச்சி வடிச்சு வித்தாங்க. டைபாய்டு வேற ஆளுங்களை வாரிக்கிட்டுப் போச்சு.

அரசாங்கத் தலைமைப் பொறியாளர் சார்லஸ் யெல்வர்ட்டன் ஓ'கானர். அயர்லாந்துக்காரர், ஃப்ரீமாண்டில் துறைமுகத்தைக் கட்டினவர். 1896-ல் அவர் சொன்ன யோசனை: பெர்த் பக்கத்தில் முண்டாரிங்கில் ஹெலினா ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டுவோம். அங்கேர்ந்து 500 கிலோமீட்டருக்கு மேல, 8 பம்ப் ஸ்டேஷன் வெச்சு, மேட்டுல இருக்கற கல்கூர்லிக்கு தினமும் 50 லட்சம் காலன் தண்ணியை ஏத்துவோம். செலவுக்கு 25 லட்சம் பவுண்டு கடன். கேட்டவங்க பாதிப் பேர் சிரிச்சாங்க.

பிரச்சினை பைப்தான். உள் விட்டம் 30 இஞ்ச். அந்தக் காலத்தில் பெரிய இரும்புப் பைப்புன்னா தகட்டை வளைச்சு ரிவெட் அடிப்பாங்க. ரிவெட்டுக்கு ஓட்டை போட்ட இடத்தில் தகடு பலவீனம். அந்த ஒரு வரிசைக்காக மொத்தத் தகட்டையும் தடிமனாக்கணும். உள்ளே துருத்திக்கிட்டு நிக்கற ரிவெட் தலைகள் தண்ணியையும் இழுத்துப் பிடிக்கும்.

இங்கதான் மெல்போர்ன்காரர் மெஃபன் ஃபெர்குசன் வர்றார். ரெண்டு தகட்டை அரைவட்டமா வளைச்சு, ஓரங்களைக் கொஞ்சம் புடைக்க வெச்சு, ரெண்டு ஓரத்தையும் ஒரு நீளமான பூட்டுப் பட்டைக்குள்ள சொருகி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுக்கிப் பூட்டிடுவார். ஓட்டையே கிடையாது. மூட்டும் தகடு அளவுக்கே பலம்.

சரி, நம்ம சூத்திரத்தைப் போட்டுப் பாப்போம். உள் விட்டம் 762 மிமீ, கனம் கால் இஞ்ச், அதாவது 6.35 மிமீ. நடு விட்டம் 768.35. மீட்டருக்கு 120.3 கிலோ. ஒரு பைப் 28 அடி, 8.53 மீட்டர். ஆக மொத்தம் 1027 கிலோ. பட்டைகளோட எடை தனி. ஒரு டன்னுக்கு மேலன்னு வரலாறு சொல்றதும் சரியா உக்காருது.

ரிவெட் அடிச்சிருந்தா? மூட்டோட பலம் தகட்டுல 70 சதவீதம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா, கனம் 9 மிமீ ஆகும். ஒரு பைப் 1460 கிலோ. வித்தியாசம் 433 கிலோ. மொத்தப் பைப் 60,000-க்கும் மேல! பெருக்கினா சுமார் 26,000 டன். பூட்டுப் பட்டைகளோட எடையைக் கழிச்சாலும் பெரிய மிச்சம்தான். ஏன்னா தகடு ஜெர்மனியிலேர்ந்தும் அமெரிக்காவிலேர்ந்தும் கப்பலில் வரணும், அப்புறம் ரயில்ல பாலைவனம் வரைக்கும் போகணும். ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி உண்டு.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே பைப் ரொம்பினா உள்ளே 3.9 டன் தண்ணி. காலியா ஒரு டன், ரொம்பினா அஞ்சு டன். தூக்கறவனுக்கு முதல் எண், தாங்கறவனுக்கு ரெண்டாவது எண். ரெண்டையும் குழப்பினா ஆபத்து.

ஓ'கானர் கணக்கு தப்பலை. மனுஷங்கதான் தப்பிட்டாங்க. பத்திரிகைகள் அவரை ஊழல்வாதி, திறமையில்லாதவர்னு விடாம எழுதினாங்க. சட்டசபையிலும் குடைச்சல். 1902 மார்ச் 10-ம் தேதி காலையில் குதிரையில் ஃப்ரீமாண்டில் பக்கத்துக் கடற்கரைக்குப் போனவர், உயிரோட திரும்பலை. அவர் எழுதி வெச்ச கடிதத்தில்கூட திட்டம் சரியானதுதான்னும், அணையோட பக்கச் சுவரை உடனே கட்டுங்கன்னும் இருந்தது. சாகப் போற நேரத்திலும் வேலை பாக்கி பத்தி எழுதின மனுஷன். அவர் மேல் ஊழல் எதுவும் இல்லைன்னு விசாரணை பிறகு சொல்லிச்சு. யாருக்குப் பிரயோஜனம்?

1903 ஜனவரி 24. கல்கூர்லியில் ஜான் ஃபாரஸ்ட் குழாயைத் திறந்து வெச்சார். தண்ணி வந்தது. பிற்பாடு எத்தனையோ பைப் மாத்தியாச்சு, ஆனா அந்த வழியில் இன்னிக்கும் தண்ணி போகுது.

அன்னிக்கு ராத்திரியே என் நிரலில் ஒரு கழித்தல் குறி சேத்தேன். மறுநாள் பெரியவருக்கு போன் போட்டு, "சார், 42.56 வந்துருச்சு"ன்னேன்.

"வரும் தம்பி, கழிச்சா வரும்"னு வெச்சுட்டார்.

முப்பது வருஷம் பைப்போட வாழ்ந்தவர். திட்டறதுக்கு எல்லா உரிமையும் இருந்தும் திட்டலை. ஓ'கானரைச் சுத்தி இப்படி நாலு பேர் இருந்திருக்கலாம்.