யேல் செவிலியர் பள்ளிப் பேராசிரியர்களின் பங்களிப்புகள்

யேல் செவிலியர் பள்ளி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அமைந்துள்ள யேல் பல்கலைக்கழகத்தின் தொழிற்கல்விப் பள்ளிகளுள் ஒன்றாகும். இது 1923 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மருத்துவமனையின் கட்டுப்பாட்டில் இல்லாமல், தனக்கெனத் தனி முதல்வர், ஆசிரியர் குழு, வரவுசெலவுத் திட்டம் ஆகியவற்றுடன் ஒரு பல்கலைக்கழகத்தினுள் இயங்கிய தொடக்ககாலச் செவிலியர் பள்ளிகளுள் இது முதன்மையானது. செவிலியத்தின் (தாதியியல்) வரையறை, செவிலியர்-நோயாளி உறவு பற்றிய கோட்பாடு, செவிலியப் பணியின் பயனை அளக்கும் ஆய்வுமுறை, ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு ஆகிய துறைகளில் இப்பள்ளியின் ஆசிரியர்கள் ஆற்றிய பணிகள் உலகெங்கும் செவிலியர் கல்வியில் தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளன. இக்கட்டுரை அப்பணிகளைத் தொகுத்துக் கூறுகிறது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செவிலியர் பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனைகளின் கையிலேயே இருந்தது. மாணவியர் நோயாளிகளின் கூடங்களில் நீண்ட நேரம் பணிபுரிந்தனர். அவர்களின் உழைப்பைக் கொண்டே மருத்துவமனைகள் இயங்கின. வகுப்பறைப் பாடத்திற்கு எஞ்சிய நேரமே கிடைத்தது.

இந்நிலையை ஆராய ராக்கபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் ஒரு குழு அமைக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகப் பொதுநலத்துறைப் பேராசிரியர் வின்ஸ்லோ இக்குழுவின் தலைவராகவும், ஜோசபின் கோல்ட்மார்க் செயலாளராகவும் இருந்தனர். கோல்ட்மார்க் அறிக்கை என்று அறியப்படும் இக்குழுவின் அறிக்கை 1923 ஆம் ஆண்டு வெளியானது. மாணவியரின் கல்வித்தேவை மருத்துவமனையின் ஆள்தேவைக்குக் கீழ்ப்பட்டிருத்தல் கூடாது என்பதும், செவிலியர் கல்வி பல்கலைக்கழகங்களுடன் இணையவேண்டும் என்பதும் இவ்வறிக்கையின் சாரமாகும். அதே ஆண்டில் ராக்கபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் யேல் செவிலியர் பள்ளி தோன்றியது.

தொடக்ககால முதல்வர்கள்

ஆனி குட்ரிச் (1866 - 1954) பள்ளியின் முதல் முதல்வர் ஆவார். யேல் பல்கலைக்கழக வரலாற்றில் முதல்வர் பதவி வகித்த முதல் பெண்மணியும் இவரே. முதலாம் உலகப்போரின்போது, 1918 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்கப் படைத்துறைச் செவிலியர் பள்ளியையும் இவரே முதல்வராக இருந்து உருவாக்கினார். பன்னாட்டுச் செவிலியர் பேரவையின் தலைவராகவும், அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். யேலில் 1934 ஆம் ஆண்டு வரை முதல்வராக இருந்தார். இவரது பதவிக்காலத்தின் இறுதியில், ஏற்கனவே பட்டம் பெற்றோர் மட்டுமே பள்ளியில் சேரலாம் என்னும் நிலை உருவானது. செவிலியர் பயிற்சிக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை என்று பரவலாகக் கருதப்பட்ட காலத்தில் இது துணிவான முடிவாகும்.

எஃபி டெய்லர் (1874 - 1970) கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் உளநோய்ப் பிரிவில் செவிலியர் தலைவராக இருந்த இவர், யேல் பள்ளி தொடங்கியபோது அங்கு வந்து உளநலச் செவிலியத்தைக் கற்பித்தார். உடல்நோயையும் மனத்தின் நிலையையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பது இவரது கொள்கை. ஆகவே உளநலப் பாடம் எல்லாச் செவிலியருக்கும் தேவை என வலியுறுத்தினார். ஒரு மாணவி கூடம் முழுவதும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நோயாளிகளின் முழுப் பராமரிப்பையும் ஏற்றுக் கற்கும் முறையை இப்பள்ளி கையாண்டது. டெய்லர் 1934 முதல் 1944 வரை முதல்வராகவும், 1937 முதல் 1947 வரை பன்னாட்டுச் செவிலியர் பேரவையின் தலைவராகவும் விளங்கினார். இரண்டாம் உலகப்போரால் நாடுகளிடையே தொடர்பு அறுபட்டிருந்த காலத்தில் பேரவையைக் காத்தவர் என இவர் நினைவுகூரப்படுகிறார்.

வர்ஜீனியா ஹென்டர்சன்

வர்ஜீனியா ஹென்டர்சன் (1897 - 1996) இப்பள்ளி ஆசிரியர்களுள் உலக அளவில் மிகவும் அறியப்பட்டவர். படைத்துறைச் செவிலியர் பள்ளியில் குட்ரிச்சின் மாணவியாக இருந்து 1921 ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்றார். 1953 ஆம் ஆண்டு யேலில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

செவிலியம் என்றால் என்ன என்பதற்கு இவர் அளித்த விளக்கமே பின்னாளில் பன்னாட்டுச் செவிலியர் பேரவையின் வெளியீடு வழியாகப் பல மொழிகளிலும் பரவியது. போதிய வலிமை, மனவுறுதி அல்லது அறிவு இருந்தால் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் செயல்களில் அவருக்குத் துணைநிற்பதும், கூடிய விரைவில் அத்துணை தேவைப்படாத நிலைக்கு அவரைக் கொண்டுசெல்வதும் செவிலியரின் தனிப்பணி என்பது அவ்விளக்கத்தின் கருத்தாகும். நலம்பெற இயலாதவருக்கு அமைதியான இறப்புக்குத் துணைசெய்வதையும் இவர் இதில் சேர்த்துக்கொண்டார். மூச்சுவிடுதல், உண்ணுதல், உறங்குதல் தொடங்கி வழிபாடு, தொழில், பொழுதுபோக்கு, கற்றல் ஈறாகப் பதினான்கு அடிப்படைத் தேவைகளை இவர் வகுத்தார். மருத்துவரின் கட்டளையை நிறைவேற்றுவது மட்டுமே செவிலியரின் வேலை என்ற எண்ணத்திற்கு இது மாற்றாக அமைந்தது.

சமூகவியலாளர் லியோ சிம்மன்ஸ் என்பவருடன் இணைந்து அமெரிக்கச் செவிலிய ஆய்வுகளை ஹென்டர்சன் மதிப்பிட்டார். அதன் முடிவுகள் 1964 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அதுவரை நடந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை செவிலியர்களைப் பற்றியவையாகவே இருந்தன. நோயாளிக்கு அவர்கள் செய்யும் பராமரிப்பைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவாகவே இருந்தன. இக்கண்டுபிடிப்பு செவிலிய ஆய்வின் திசையை மாற்றத் தூண்டிய காரணிகளுள் ஒன்றாகும்.

1900 முதல் 1959 வரை ஆங்கிலத்தில் வெளியான செவிலிய நூல்கள், கட்டுரைகள் ஆகியவற்றின் குறிப்புரையுடன் கூடிய அட்டவணையை நான்கு தொகுதிகளாகத் தொகுத்தது இவரது மற்றொரு பெரும்பணி ஆகும். கணினித் தரவுத்தளங்கள் இல்லாத காலத்தில் ஒரு குழு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து இதனை உருவாக்கியது. 1978 ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த நிலையில், தமது பாடநூலின் ஆறாம் பதிப்பை கிளாடிஸ் நைட்டுடன் இணைந்து வெளியிட்டார். செவிலியத்துறையின் உயரிய விருதான கிறிஸ்டியேன் ரைமான் பரிசு 1985 ஆம் ஆண்டு முதன்முதலாக இவருக்கே வழங்கப்பட்டது.

கட்டிலருகில் தொடங்கிய ஆய்வுகள்

1950களில் இளநிலைப் பயிற்சியை நிறுத்தி, ஏற்கனவே செவிலியராக இருப்போருக்கான முதுநிலைக் கல்வியை மட்டும் நடத்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இதனால் பள்ளி சிறியதாயிற்று. எனினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இங்கு உருவான கருத்துகள் செவிலியக் கோட்பாட்டின் அடித்தளங்களாயின.

ஐடா ஜீன் ஒர்லாண்டோ (1926 - 2007) செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே நிகழ்ந்த ஏறத்தாழ 2000 தொடர்பாடல்களைப் பதிந்து ஆராய்ந்தார். நோயாளியின் நடத்தையைக் கண்டதும் செவிலியர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்து செயற்படுவது பலமுறை தவறாகிறது என்று இவர் கண்டார். தாம் எண்ணியது சரிதானா என நோயாளியிடமே கேட்டறிந்து செயற்படும்போது பராமரிப்பு பயன் தருகிறது. எடுத்துக்காட்டாக, உணவை மறுக்கும் நோயாளிக்குப் பசியில்லை என்று கருதித் தட்டை எடுத்துச் செல்வது ஒருவகை. அவருக்கு வலி உள்ளதா, அச்சம் உள்ளதா எனக் கேட்பது மற்றொரு வகை. இக்கோட்பாட்டை விளக்கும் இவரது நூல் 1961 ஆம் ஆண்டு வெளியானது.

எர்னஸ்டீன் வீடன்பாக் (1900 - 1998) ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். செவிலியர்-மருத்துவச்சியான இவர், யேலில் தாய்சேய்ச் செவிலிய முதுநிலைக் கல்வியை வழிநடத்தினார். பிள்ளைப்பேற்றைக் குடும்பம் முழுவதன் நிகழ்வாகக் கருதும் பராமரிப்பைப் பற்றி 1958 ஆம் ஆண்டு நூல் எழுதினார். மெய்யியலாளர்களான ஜேம்ஸ் டிக்காஃப், பட்ரீசியா ஜேம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, செயல்சார்ந்த ஒரு துறையில் கோட்பாடு எவ்வாறு அமையவேண்டும் என்பது குறித்து 1968 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

ரெட்டா டூமாஸ் (1928 - 2007) மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். சமூகவியலாளர் ராபர்ட் லெனார்ட் என்பவருடன் இணைந்து இவர் நடத்திய ஆய்வு 1963 ஆம் ஆண்டு வெளியானது. அறுவை மருத்துவத்திற்கு முன் நோயாளியின் மனக்கலக்கத்தைச் செவிலியர் கேட்டறிந்து தணித்தால், அறுவைக்குப் பின் ஏற்படும் வாந்தி குறைகிறதா என்பது ஆய்வின் வினா. குறைகிறது என்பது விடை. ஒப்பீட்டுக் குழுவுடன் செவிலியப் பராமரிப்பின் பயனைச் சோதித்த மிகத் தொடக்ககால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. அன்பாகப் பேசுவது நல்லது என்பது அதுவரை ஓர் அறிவுரையாகவே இருந்தது. இவ்வாய்வு அதனை அளக்கக்கூடிய ஒன்றாக ஆக்கியது. டூமாஸ் பின்னர் அமெரிக்கத் தேசிய உளநல நிறுவனத்தின் துணை இயக்குநராகவும், மிச்சிகன் பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் முதல்வராகவும் உயர்ந்தார்.

ஃபுளோரன்ஸ் வால்டும் ஹாஸ்பிஸ் இயக்கமும்

ஃபுளோரன்ஸ் வால்டு (1917 - 2008) 1959 ஆம் ஆண்டு பள்ளியின் முதல்வரானார். 1963 ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் யேலுக்கு வந்து, சாகுந்தறுவாயில் உள்ள புற்றுநோயாளிகளின் வலியைத் தணிப்பது பற்றி உரையாற்றினார். அக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியிடம் அவரது உண்மை நிலையைக் கூறாமல் இறுதிவரை சிகிச்சையைத் தொடர்வதே வழக்கமாக இருந்தது. கேள்வி கேட்கும் நோயாளிக்கு விடைகூறச் செவிலியருக்கு உரிமை இருக்கவில்லை. சாண்டர்சின் உரை வால்டின் வாழ்க்கையைத் திருப்பியது.

வால்டு முதல்வர் பதவியைத் துறந்தார். இலண்டனில் சாண்டர்ஸ் 1967 ஆம் ஆண்டு தொடங்கிய புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸ் இல்லத்திற்குச் சென்று பணிபுரிந்து கற்றார். நாடு திரும்பியபின் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெசல், மதகுரு எட்வர்ட் டோபிகல் முதலியோருடன் சேர்ந்து, இறக்கும் நோயாளிகளின் தேவைகளையும் குடும்பத்தாரின் தேவைகளையும் நியூ ஹேவன் நகரில் ஆராய்ந்தார். இவ்வுழைப்பின் விளைவாக ஐக்கிய அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் அமைப்பான கனெக்டிகட் ஹாஸ்பிஸ் 1974 ஆம் ஆண்டு நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று பராமரிக்கத் தொடங்கியது. 1980 ஆம் ஆண்டு பிரான்ஃபோர்டு நகரில் அதற்கென 44 படுக்கைகள் கொண்ட கட்டடம் திறக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இப்பராமரிப்பையும் ஏற்றுக்கொண்டது. தமது இறுதி ஆண்டுகளில் வால்டு சிறைக்கைதிகளுக்கும் இப்பராமரிப்பு கிடைக்கப் பாடுபட்டார்.

அமைதியான இறப்பைச் செவிலியரின் கடமைகளுள் சேர்த்த ஹென்டர்சன், 1996 ஆம் ஆண்டு பிரான்ஃபோர்டு ஹாஸ்பிஸ் இல்லத்திலேயே காலமானார்.

பிற்காலப் பங்களிப்புகள்

டோனா டையர்ஸ் 1972 முதல் 1984 வரை முதல்வராக இருந்தார். பிற துறைகளில் பட்டம் பெற்றோர் மூன்றாண்டுகள் பயின்று செவிலியத்தில் முதுநிலைப் பட்டம் பெறும் திட்டம் இவரது காலத்தில், 1974 ஆம் ஆண்டு தொடங்கியது. யேலில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்சன் ஆகியோர் நோயாளிகளை நோய்வகையின்படி குழுக்களாகப் பிரித்து மருத்துவமனைச் செலவை ஒப்பிடும் டி.ஆர்.ஜி. முறையை உருவாக்கினர். இவர்களுள் தாம்ப்சன் செவிலியராகப் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1983 ஆம் ஆண்டு மெடிகேர் இம்முறையை ஏற்றது. செவிலியரின் உழைப்பு மருத்துவமனைக் கணக்கில் அறை வாடகையுள் மறைந்துபோவதைச் சுட்டிக்காட்டிய டையர்ஸ், அதனைத் தனியே அளக்க இத்தரவுகளைப் பயன்படுத்தினார். இவர் 2013 ஆம் ஆண்டு காலமானார்.

ரூத் மெக்கார்கிள், நோய்க்குறிகளால் புற்றுநோயாளி படும் துன்பத்தை அளப்பதற்கான அளவுகோலை 1978 ஆம் ஆண்டு வெளியிட்டவர். 1998 ஆம் ஆண்டு யேலில் சேர்ந்த இவர், வால்டின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை வகித்தார். 2019 ஆம் ஆண்டு காலமானார்.

2005 முதல் 2015 வரை முதல்வராக இருந்த மார்கரெட் கிரே, முதல் வகை நீரிழிவு நோய் உள்ள வளரிளம் பருவத்தினருக்கான சமாளிப்புத் திறன் பயிற்சியை உருவாக்கினார். ஊசி, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுடன் நண்பர்களிடையே வாழப் பழகும் திறனையும் கற்பித்தால் குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாடும் வாழ்க்கைத்தரமும் மேம்படுகின்றன என்பதை 2000 ஆம் ஆண்டு வெளியான இவரது ஆய்வு காட்டியது.

மதிப்பீடு

ஹென்டர்சனின் விளக்கம் முழுமையான கோட்பாடு அன்று என்றும், பதினான்கு தேவைகளுக்கு இடையிலான தொடர்பை அது விளக்கவில்லை என்றும் கூறப்படுவதுண்டு. ஒர்லாண்டோவின் முறை பேச இயலாத நோயாளிகளுக்கும் நினைவிழந்தோருக்கும் எளிதில் பொருந்துவதில்லை என்பது மற்றொரு குறை. எனினும் இவர்கள் அனைவரின் பணியிலும் ஒரு பொதுக்கூறு காணப்படுகிறது. நோயாளிக்கு என்ன தேவை என்பதை அவரருகில் இருந்து அறிவதும், அத்தேவை நிறைவேறியதா என்பதைச் சோதித்துப் பார்ப்பதும் அதுவாகும். செவிலியம் தனக்கெனக் கேள்விகளும் ஆய்வுமுறையும் கொண்ட ஒரு துறை என ஏற்கப்பட்டதில் இப்பள்ளி ஆசிரியர்களுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.