மேல்மண்ணின் அகராதி

நெய்வேலிச் சுரங்கத்தில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல் 'ஓவர்பர்டன்'. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே கிடக்கும் மண், மணல், களி, பாறை எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கனமீட்டருக்கும் மேலாக அதை வாரிக் கொட்ட வேண்டும். பொறியாளர் கணக்கில் அது அகற்ற வேண்டிய சுமை. அந்த மண்ணின் மேலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கொல்லை: முந்திரிக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை, கம்பங்கொல்லை. முதல் பெயரின் வரலாறு ஆண்டறிக்கைகளில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவதன் வரலாற்றை எழுதியவர் யார் என்று தேடினால், என் பார்வையில், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்த ஒரு கவிஞரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன். அவர் ஊர்ப் பெயரிலேயே ஒரு கொல்லை இருக்கிறது.

அறிந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது, மறு ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஜெர்மன் சக்கர எந்திரங்கள் மண்ணை வாரின. படுகைக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும் ஊற்றுநீரை இராப்பகலாக இறைத்தார்கள். முந்திரிக் காட்டின் நடுவே எண் போட்ட வட்டங்களாக ஒரு நகரியம் எழுந்தது. நிழல்மரச் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட அந்த நகரியத்தைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் சண்டைக்குப் போக ஒன்றுமில்லை. ஆனால் வட்டங்களுக்கு எண் கொடுத்தபோது அங்கே ஏற்கெனவே இருந்த பெயர்கள் எங்கே போயின என்பதை அந்தப் பெருமை சொல்வதில்லை.

இதைத் 'தொழில் வந்தால் ஊர் மாறத்தான் செய்யும்' என்ற பொதுப்பேச்சில் கரைத்துவிடக் கூடாது. நெய்வேலி இருக்கும் அதே மாவட்டத்தில், கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே, நெல்லிக்குப்பம் இருக்கிறது. பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை அங்கே 1840களில் தொடங்கியது. நெய்வேலியைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்த ஆலை, வெள்ளைக்காரன் முதலீடு, லாபக் கணக்கு. இருந்தும் அந்த ஆலைக்கு விவசாயி வேண்டும், அவன் நிலம் வேண்டும், அவன் பேச்சும் வேண்டும். கரணை, தோகை, கட்டைக்கரும்பு என்ற சொற்கள் ஆலை வாசலில் செல்லுபடியாயின. ஆலை தன் பங்குக்குக் 'கட்டிங் ஆர்டர்' என்ற சொல்லைக் கொல்லைக்கு அனுப்பியது. நிலுவைப் பணம், எடை, விலை என்று கரும்பு விவசாயிக்கு ஆலைகளோடு எத்தனையோ வழக்கு உண்டு. ஆனால் வழக்குப் பேச இருதரப்பும் இருந்தன. திறந்தவெளிச் சுரங்கத்தின் ஏற்பாடு வேறு. அதற்கு நிலத்தின் மேல் விளைவது எதுவும் தேவையில்லை. விதைப்பவன் அங்கே வேலைக்குச் சேரலாம். விதைப்புக்கான சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று வாய்க்காலுக்காகக் கதிர் வரும் பருவத்து நெல்வயலில் சுரங்க நிறுவனத்தின் எந்திரங்கள் இறங்கியபோது ஊரெல்லாம் பதறியது. அறுபது ஆண்டுகளாக நடந்துவந்தது அன்று தொலைக்காட்சிக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் கவிஞர் வரலாற்றுக்குள் வருகிறார். முதல் வெட்டு இவருடையதல்ல. 1988இல் பழமலய் எழுதிய 'சனங்களின் கதை' தன் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அவர்கள் பேச்சோடு கவிதைக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தது. நடுநாடு எனப்படும் இந்த வட்டாரத்துக்காரன் தன் வாயால் எழுதலாம் என்ற துணிச்சல் அதிலிருந்து பலருக்கு வந்தது. கண்மணியும் கவிதையில் தொடங்கினார். பிறகு 'அஞ்சலை', 'கோரை', 'நெடுஞ்சாலை' என நாவல்கள். 'வந்தாரங்குடி'யில் நேராகவே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பாட்டை எடுத்துக்கொண்டார். இவற்றுக்கு நடுவே அவர் செய்த வேலைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது 'நடுநாட்டுச் சொல்லகராதி'. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் செய்ததையும் கொங்குக்குப் பெருமாள்முருகன் செய்ததையும் போன்ற வேலை. தமிழில் வட்டார அகராதிகளைப் படைப்பாளிகள் தனியாளாக உட்கார்ந்து தொகுத்திருப்பது பல்கலைக்கழகங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் தர வேண்டிய செய்தி. மற்ற இரண்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: கரிசல் மண் அங்கேயேதான் கிடக்கிறது. நடுநாட்டின் ஒரு பகுதியில் சொல் குறித்த மண்ணே வாரிக் கொட்டப்பட்டுவிட்டது.

ஒரு கவிஞரின் தொகுப்பைச் சான்றாக ஏற்கலாமா என்று கேட்பார்கள். கவிஞன் கூட்டிச் சொல்வான், விரும்பியதைப் பொறுக்குவான், உண்மைதான். இங்கே அமெரிக்கக் கவிஞர் மார்க் நோவாக்கை எண்ணிப் பார்க்கலாம். 2009இல் வந்த 'கோல் மவுண்டன் எலிமென்டரி' என்ற அவருடைய நூலில் அவர் சொந்தமாக எழுதிய வரி என்று தேடினால் கைக்குச் சிக்காது. மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் 2006இல் 12 பேர் இறந்த விபத்தின் சாட்சியங்கள், சீனச் சுரங்க விபத்துச் செய்திகள், நிலக்கரி அமைப்பொன்று பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த பாடத்திட்டம் ஆகியவற்றை அடுத்தடுத்து அடுக்கியதே அவர் செய்த கவிதை. அங்கே ஆவணம் ஏராளம்: விசாரணை நடந்தது, பேசியது எழுத்தில் பதிவானது. கவிஞனுக்குத் தேர்ந்து அடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. நெய்வேலிப் பக்கம் கொல்லைக்காரன் பேச்சை எழுதிவைத்த கோப்பு எது? பட்டா எண்ணும் இழப்பீட்டுத் தொகையும் இருக்கும். எந்த மூலையில் எது விளைந்தது, அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது இருக்காது. ஆகவே நோவாக் ஆவணத்திலிருந்து கவிதைக்குப் போனார், இங்கே கவிஞரே ஆவணக்காரராக வேண்டியதாயிற்று. பொறுக்குவதுதான் குற்றமென்றால் ஆண்டறிக்கையும் பொறுக்கித்தான் எழுதப்படுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது: இது பழம்பெருமைப் புலம்பல், அந்த மண் என்றைக்கும் அப்படியே இருந்ததா? இல்லை. அதற்கும் அந்தச் சொற்களே சாட்சி. மல்லாட்டை என்பது மணிலாக் கொட்டை; 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரி வழியாக மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய பயிர். முந்திரியோ போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். நடுநாட்டுக் கொல்லையே வணிகம் வரைந்த நிலம்தான். ஆனால் மணிலா வந்தபோது அது ஊர் வாயில் மல்லாட்டையாகிப் பாட்டி வறுத்துக் கொடுக்கும் பண்டமானது. 'ஓவர்பர்டன்' அப்படி எதுவாகவும் ஆகவில்லை. பள்ளிக்கூடமும் டிவியும் வட்டாரப் பேச்சை எப்படியும் அழித்திருக்கும் என்பாரும் உண்டு. இருக்கலாம். அந்தத் தேய்வு தஞ்சாவூரிலும் நடக்கிறது. அங்கே வயல் மிச்சமிருப்பதால் சொல்லுக்குத் திரும்பிப்போக இடமிருக்கிறது.

நான் முழுதும் மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. கொல்லை என்ற சொல் கொல்லை உள்ளவனின் சொல். நிலமில்லாமல் அதில் கூலிக்குப் போனவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டாவோடு வரும் இழப்பீடும் இல்லை. அவர்கள் இழந்ததை நில உடைமையின் ஏக்கத்தால் அளக்க முடியாது. அதே விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலை எழுதியபோது, ஊருக்குள்ளேயே ஊர் வேறாக இருந்தது தெரிந்தது. நடுநாட்டு வரலாற்றுக்கு அவரையும் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும். ஆனாலும் இது கவிஞர் ஒருவர் போதாது என்பதற்கான வாதமே. ஆண்டறிக்கை போதும் என்பதற்கானதல்ல. மின்சாரம் வந்ததே என்ற கேள்விக்கும் இதுதான் பதில். விளக்கு எரிவதற்கும், எதை எரித்து அது எரிகிறது என்று எழுதிவைப்பதற்கும் பகையில்லை.

பழமலய் என்ற பெயரில் விருத்தாசலத்தின் பழைய பெயர் இருக்கிறது. முதுகுன்றம், பழமலை என்று பாடல்பெற்ற அந்த ஊரில் கண்ணுக்குத் தெரிகிற மலை கிடையாது. அது மண்ணுக்குள் அமுங்கிவிட்டதாகத் தலபுராணம் சொல்லும். அங்கிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் வந்தால், சமவெளியில் சுரங்கம் வாரிக் கொட்டிய மண் மலைகளாக நிற்கிறது. சரிவுகளில் மரக்கன்று நட்டிருக்கிறார்கள், சில இடத்தில் முந்திரியும். எந்தத் தலபுராணத்திலும் இல்லாத மலைகள்.