ஓங்கரிப்பும் ஒளியும்: பல் மருத்துவத்தில் லேசர் அக்குபங்சரை எவ்வாறு சோதிப்பது?

மேல்தாடையை அளவெடுக்க ஆல்ஜினேட் என்னும் அச்சுப்பசை நிரப்பிய தட்டை வாய்க்குள் வைத்ததுமே சிலருக்கு ஓங்கரிப்பு கட்டுக்கடங்காமல் எழுகிறது. நாவடி, அண்ணத்தின் பின்பகுதி, தொண்டையின் பின்சுவர் ஆகியவற்றில் படும் தொடுகையை நாத்தொண்டை நரம்பு முகுளத்துக்கு எடுத்துச் செல்கிறது. அங்கிருந்து வேகஸ் உள்ளிட்ட நரம்புகள் வழியே வரும் ஆணை தொண்டைத் தசைகளை இறுக்குகிறது. மூச்சுக்குழலைக் காக்க உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. கருவியைக் கண்டதுமே, சிகிச்சையை நினைத்ததுமே ஓங்கரிப்போரும் உண்டு. தொடுகையால் வருவது, மனத்தால் வருவது என்று பாடநூல்கள் பிரிக்கின்றன. சிகிச்சை நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் இரண்டும் பின்னியே கிடக்கின்றன. கடைவாய்ப் பல்லைக் காட்டுவதைத் தள்ளிப்போட்டு அதை இழந்தவர், பிறகு கட்டுப்பல்லையும் பொறுக்க முடியாமல் தவிப்பதுண்டு. எளிய, வலியற்ற ஒரு வழி இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

அப்படி முன்வைக்கப்படுவது, நெய்குவான் எனப்படும் பி6 அக்குபங்சர் புள்ளியில் குறைந்த ஆற்றல் லேசரைப் பாய்ச்சுவது. முன்கையின் உட்புறம், மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரற்கிடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவில் உள்ளது அப்புள்ளி; அதனடியில் ஓடுவது மீடியன் நரம்பு. 1980களில் பெல்ஃபாஸ்டின் மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ, அறுவைக்குப் பிந்தைய வாந்தியைத் தடுக்க இப்புள்ளியை ஆராய்ந்தார். அவ்விடத்தை மருந்தால் மரத்துப்போகச் செய்தால் பயன் மறைந்துவிடுகிறது என்றும் அவர் குழு காட்டியது. செய்தி நரம்பின் வழியேதான் செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு அரிது. 59 ஆய்வுகளையும் 7,667 பேரையும் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இப்புள்ளியைத் தூண்டுவது அறுவைக்குப் பிந்தைய குமட்டலையும் வாந்தியையும் குறைப்பதாகக் கண்டது.

இந்தச் சான்றை அப்படியே பல் மருத்துவத்துக்குக் கடன் வாங்குவதை நான் ஏற்கவில்லை. மயக்கமருந்தால் வரும் குமட்டல் வேறு, தொண்டையைத் தொட்டதும் நொடியில் எழும் அனிச்சை வேறு. ஓங்கரிப்புக்கென்றே 2019இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வில் இருந்தவை நான்கே ஆய்வுகள். பங்கேற்றோர் 328 பேர். பி6இல் பாய்ச்சிய லேசர், போலி லேசரைவிடப் பயன் தந்தது. ஆனால் அச்சான்றின் உறுதி மிகமிகக் குறைவு என்றே மதிப்பாய்வாளர்கள் தரமிட்டனர்.

லேசரின் உண்மையான சிறப்பு, அதை நேர்மையாகச் சோதிக்க முடியும் என்பதே என்று கருதுகிறேன். ஊசி குத்தினால் நோயாளிக்குத் தெரிந்துவிடும். குறைந்த ஆற்றல் லேசரோ சுடுவதுமில்லை, குத்துவதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியானால், அதே கருவியை அதே ஒலியோடு, ஒளி மட்டும் வராமல் வைத்தாலும் நோயாளியால் வேறுபாடு காண முடியாது. கருவியை இயக்குபவருக்கும் ஓங்கரிப்பை மதிப்பிடுபவருக்கும் எது மெய், எது போலி என்று தெரியாமல் ஆய்வை அமைக்கலாம். மனத்தின் பங்கு இவ்வளவு பெரிதாக உள்ள ஒரு நிலையில் இந்த வாய்ப்பைத் தவறவிடுவது பெரும் இழப்பு.

போலி லேசரோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. காலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக் கவனத்தைத் திருப்பும் பழைய உத்திக்குச் செலவே இல்லை. அதையும் ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும். அலைநீளம், ஆற்றல், பாய்ச்சிய நேரம் ஆகியவற்றைத் துல்லியமாகப் பதிவதும் கட்டாயம். சிவப்பு ஒளியைத் தோலின் மெலனின் கூடுதலாக உறிஞ்சுகிறது. 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அவ்வளவு உறிஞ்சுவதில்லை. வெளிர் தோலினரிடம் வகுத்த அளவு கருந்தோலினரின் நரம்பை எட்டுமா என்பது நம் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

அதுவரை ஒரு பல் மருத்துவர் இதைப் பயன்படுத்தலாமா? கண்காப்பு அணிவித்து, சான்று மெலிது என்பதை நோயாளியிடம் சொல்லிவிட்டு, வழக்கமான உத்திகளுக்குத் துணையாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதை மட்டும் இன்றைய சான்று நியாயப்படுத்தவில்லை.